இரத்தம் உடைகிறதாம்: யாருடைய இரத்தம்?



சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்று ஒரு அம்மம்மா எழுதியது. 2009 இல் கணவரை இழந்தவர். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எட்டு வயதுப் பேத்தி இவரோடு வளர்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்து, உமிழ்நீர்கூட விழுங்க ஏலாமற் போனதால் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே நீளக் குச்சியில் சுற்றிய பஞ்சினால் தொண்டையைத் தடவி எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கையில் கிடைத்த துண்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் காட்டியபோது அது வாசித்துவிட்டு, “பீற்றா ஹீமொலிற்றிக் எண்டு கிடக்கு அம்மம்மா. ஹீமொலிற்றிக் எண்டால் இரத்தம் உடையிறது” என்று சொல்லியிருக்கிறது.

“டொக்ரர் பத்து நாளைக்குக் குளிசை தந்தவர். இரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லேல்லை. பிள்ளையின்ர இரத்தம் உடையுதெண்டால் அது புற்றுநோயோ? மகளுக்குச் சொல்லுறதோ விடுறதோ தெரியேல்லை. இரண்டு இரவாக எனக்கு நித்திரை இல்லை” என்று எழுதியிருந்தார் அவர்.

அவருக்கு அன்றைக்கே தபாலில் பதில் போட்டுவிட்டேன். பிள்ளையின் இரத்தத்துக்கு ஒன்றுமில்லை. உடைந்தது ஒரு செம்மறியாட்டின் இரத்தம். அதுவும் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள். உயர்தரம் படிக்கும் பிள்ளை சொன்னதிலும் பிழையில்லை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். யாருடைய இரத்தம் என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று அந்தத் துண்டை எறிந்துவிடவும் கூடாது. இதே பயம் வேறு தாய்மாருக்கும் வந்திருக்கும் என்பதால், அந்தக் கிண்ணத்தில் என்ன நடக்கிறது, அதைப் பார்த்து வைத்தியர் ஏன் பத்து நாள் மருந்து தருகிறார் என்பதை இந்த மாதம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொண்டையில் தடவி எடுத்த பஞ்சில் உள்ள கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் உருண்டை உருண்டையாக, மணிகள் கோத்த மாலைபோலத்தான் தெரியும். நல்லதும் கெட்டதும் ஒரே சாயல். ஆகவே அவற்றுக்குத் தீனி போட்டு வளர்த்து, அவை என்ன செய்கின்றன என்று பார்க்கவேண்டும். அந்தத் தீனிதான் இரத்தம் கலந்த ஏகார்.

ஏகார் என்றதும் புதிதாக நினைக்கவேண்டாம். நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரிகள் காய்ச்சி, சீனி போட்டு, துண்டு துண்டாக வெட்டி வைக்கும் கடற்பாசி இருக்கிறதே, அதுதான். ஒரு காலத்தில் நமது களப்புகளில் எடுத்த பாசியும் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் வெளிநாடுகளில் அறியப்பட்டிருந்தது. கடற்பாசியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பெண்ணின் சமையலறை அறிவு. ஜேர்மனியில் றொபேட் கொக் என்ற பெரிய விஞ்ஞானியின் கூடத்தில் வோல்தர் ஹெஸ் என்பவர் வேலை செய்தார். கிருமி வளர்க்க அவர்கள் பாவித்த ஜெலற்றின், வெயில் காலத்தில் உருகித் தண்ணீராகிவிடும். ஹெஸ்ஸின் மனைவி ஃபனி வீட்டில் செய்யும் பழப்பாகு மாத்திரம் எந்த வெக்கையிலும் கட்டியாக நின்றது. ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு அயல்வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்ட கடற்பாசிப் பக்குவம் அது. 1881 இல் அவர் சொன்ன யோசனைதான் இன்றுவரை உலகம் முழுவதும் நடக்கிறது. அவருடைய பெயரைக் கொக் தம் கட்டுரையில் குறிப்பிடவில்லை. அது வேறு கதை.

கடற்பாசியையும் சத்துச் சாற்றையும் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, நூறு பங்குக்கு ஐந்து பங்களவில் இரத்தத்தை விட்டுக் கலக்குவார்கள். ஆறமுன் விட்டால் காரியம் கெட்டுவிடும். கொதிக்கிற குழம்பில் முதற்பாலை விட்டால் திரைந்து போவதில்லையா, அதுபோல இரத்தம் கறுத்து மண்ணிறமாகும். அந்த மண்ணிறத் தட்டையும் வேறு சில கிருமிகளை வளர்க்க வேண்டுமென்றே செய்வதுண்டு. ஆட்டைக் கொல்வார்களோ என்று சைவச் சகோதரிகள் கேட்கக்கூடும். இல்லை. கழுத்து நரம்பில் ஊசி போட்டு, நம்மிடம் இரத்த வங்கியில் எடுப்பதுபோல எடுப்பார்கள். மனித இரத்தம் இதற்கு அவ்வளவு தோதில்லை. அதில் ஏற்கெனவே நோய் எதிர்ப்புப் பொருளோ, குடித்த மருந்தின் மிச்சமோ இருந்து கிருமியை வளரவிடாமல் தடுத்துவிடலாம்.

சிவந்த பாற்கட்டிபோல உறைந்திருக்கும் அந்தத் தட்டில் பஞ்சைத் தடவி, சுட்டு ஆறவைத்த கம்பி வளையத்தால் கோடு கோடாக இழுத்து ஐதாக்குவார்கள். நெல்லைக் குவித்துக் கொட்டினால் நாற்று ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். பரவி விதைத்தால் தனித்தனியே முளைக்கும். அந்தக் கணக்குத்தான். பிறகு உடம்புச் சூட்டில் ஒரு இரவும் பகலும் வைத்திருந்து, எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். சில வேளை இரண்டாம் நாளும் பார்ப்பார்கள். துண்டு கிடைக்க இரண்டு மூன்று நாள் செல்வது இதனால்தான். ஆய்வுகூடத்துப் பிள்ளைகளைத் திட்டவேண்டாம்.

தட்டில் மூன்று விதமான காட்சி தெரியலாம். குண்டூசித் தலையளவு வளர்ந்த கிருமிக் கூட்டத்தைச் சுற்றி, சிவப்பு முற்றாக அழிந்து கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் அது பீற்றா. தட்டின் கீழே பத்திரிகையைப் பிடித்தால் எழுத்தைக்கூட வாசிக்கலாம். கிருமி தன்னிடமிருந்து ஒரு நஞ்சை விட்டு அங்கிருந்த செங்குழியங்கள் எல்லாவற்றையும் உடைத்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு அழியாமல், கன்றிப்போன பழைய காயம்போலப் பச்சை பூத்திருந்தால் அது அல்பா. அந்தக் கிருமி விடும் ஐதரசன் பேரொட்சைட்டு இரத்தத்தின் நிறப்பொருளை மாற்றிவிடுகிறது. ஒரு மாற்றமும் இல்லாமல் தட்டு சிவப்பாகவே கிடந்தால் காமா. உடைக்காததற்கும் உடைப்பு வரிசையில் ஒரு பெயர் வைத்திருப்பது எனக்கு எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும். ஜேர்மனியரான ஷொட்முல்லர் 1903 இல் இரத்தத் தட்டைக் கொண்டு இந்தக் கிருமிகளைப் பிரித்துக் காட்டினார். அல்பா, பீற்றா, காமா என்ற பெயர்களை 1919 இல் அமெரிக்கரான பிறவுண் வைத்தார்.

நம் எல்லோருடைய வாயிலும் தொண்டையிலும் பச்சைப் பூக்கும் அல்பா கிருமிகள் குடியிருக்கின்றன. அவை அங்கே இருப்பது இயல்பு. நியூமோனியாக் காய்ச்சலைத் தரும் கிருமியும் பச்சைதான் பூக்கும். அதை வேறு ஒரு மருந்துப் பொட்டு வைத்துப் பிரித்தறிவார்கள். தொண்டை நோவுக்கு வைத்தியர் தேடுவது தெளிந்த வட்டத்தை, அதாவது பீற்றாவை.

ஆனால் தெளிந்த வட்டம் போடுவதெல்லாம் ஒரே கிருமியும் இல்லை. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் பலவும் தெளிந்த வட்டம் போடும். அதைப் பிரிக்க ஒரு துளி ஐதரசன் பேரொட்சைட்டுப் போதும். புண் கழுவும்போது நுரை தள்ளுமே, அதே திரவம். ஸ்ரபிலோகொக்கஸ் என்றால் நுரைக்கும். மாலைபோலக் கோத்து நிற்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் என்றால் நுரைக்காது. அந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் குடும்பத்துக்குள்ளும் பல பிரிவுகள் உண்டு. அவற்றை ஏ, பி, சி என்று எழுத்திட்டுப் பிரித்தவர் ஒரு பெண்: நியூயோர்க்கில் றொக்பெல்லர் நிலையத்தில் வேலை செய்த ரெபெக்கா லான்ஸ்பீல்ட். முதலாம் உலகப் போரின்போது ரெக்சாஸ் மாநிலப் படைமுகாம்களில் பரவிய தொற்றின் கிருமிகளை ஆராய, உதவியாளராகச் சேர்ந்தவர். 1933 இல் அவர் வெளியிட்ட பிரிவு முறையைத்தான் இன்றும் துண்டுகளில் காண்கிறீர்கள். ‘குறூப் ஏ’ என்று எழுதியிருந்தால் அது அவர் வைத்த பெயர். ஏ பிரிவை இலகுவாக அடையாளம் காண, பசிற்றசின் என்ற மருந்து தோய்த்த சின்ன வட்டக் கடதாசியைத் தட்டில் வைப்பார்கள். ஏ பிரிவுக் கிருமி அதன் அருகே வளரப் பயப்படும்.

அந்த அம்மம்மாவின் துண்டில் இருந்தது இந்த ஏ பிரிவுதான்.

தொண்டை நோ என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பது நம் வழக்கம். அதில் பிழையில்லை. பெரும்பாலான தொண்டை நோ வைரசால் வருவது, தானாக மாறும். தடிமன், இருமல், குரலடைப்பு, கண் சிவப்பு கூடவே இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, இருமல் தடிமன் இல்லாமல், சடுதியாகக் காய்ச்சலும் கடும் தொண்டை நோவும் வந்து, கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் நோகிறது, வாயைத் திறந்து பார்த்தால் உள்நாக்குப் பக்கம் சிவந்து வெள்ளை படிந்திருக்கிறது என்றால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். பார்வைக்கு மாத்திரம் எந்தப் பெரிய வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பஞ்சு. பஞ்சு எடுக்கும் வசதி இல்லாத இடத்தில் அறிகுறிகளைப் பார்த்தே மருந்து தொடங்குவதும் சரியான வைத்தியம்தான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்ரிபயோற்றிக் குளிசை இரண்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குப் போகும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிக் கொடுத்திருந்தால் கிருமி பாதி மயங்கியிருக்கும், தட்டில் வளராது. துண்டில் ‘ஒன்றுமில்லை’ என்று வரும். ஆனால் தொண்டையில் அது இருக்கும். கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விடுவதால் நட்டம் பிள்ளைக்கு.

சரி, தொண்டையில் ஒரு கிருமி. அதற்கு ஏன் இவ்வளவு பாடு? இந்தக் கிருமியின் தோலும் நமது இதயத்தின் சில பகுதிகளும் ஏதோ ஒரு விதத்தில் ஒத்த சாயல் உள்ளவை. கிருமியை அடிக்கப் புறப்படும் நமது உடம்பின் காவற்படை, சாயலைப் பார்த்து ஏமாந்து சொந்த இதயத்தையே அடித்துவிடுகிறது. ஆளடையாளம் மாறி அடி விழுந்தால் என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதுதான் வாதக் காய்ச்சல், வைத்தியசாலையில் றூமாற்றிக் காய்ச்சல் என்பார்கள். தொண்டை நோ மாறி, பிள்ளை பள்ளிக்கூடம் போய் விளையாடத் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இது வரும். அதனால் தொண்டை நோவையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றாது.

எப்படித் தெரியும்? இன்றைக்கு முழங்கால் வீங்கி நோகும், நாளைக்கு அது மாறிக் கணுக்கால், பிறகு முழங்கை. “வளருற நோ” என்று எண்ணெய் பூசி விட்டுவிடுவோம். வளருற நோவில் மூட்டு வீங்காது, காய்ச்சலும் வராது. படியேற இளைப்பு, நெஞ்சு படபடப்பு வரலாம். இன்னொன்று உண்டு, அது தொண்டை நோவுக்குப் பல மாதம் கழித்தும் வரும். நல்லாய் எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோணும், கையில் இருந்த கோப்பை விழும், முகமும் கையும் தன்பாட்டில் துடிக்கும். கவனக்குறைவு என்று அடி வாங்கும் பிள்ளைகளும், யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று நூல் கட்டப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடிக்காதீர்கள், காட்டுங்கள். அப்போது ‘ஏ.எஸ்.ஓ.’ என்று ஒரு பரிசோதனை எழுதித் தருவார்கள். இது பிள்ளையின் கையிலிருந்து எடுக்கும் இரத்தம். தட்டில் செங்குழியத்தை உடைத்த நஞ்சுகளில் ஒன்றுக்கு எதிராகப் பிள்ளையின் உடம்பு பொருள் தயாரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொண்டையில் கிருமி போய்விட்டாலும் அது வந்துபோன தடம் இரத்தத்தில் சில காலம் இருக்கும்.

மூட்டு நோ தடயமில்லாமல் மாறிவிடும். இதயத்தின் கதவுகள் மாறாது. வால்வு என்கிறோமே, அவை தடித்து ஒட்டிப்போகும் அல்லது சரியாக மூடாது. அதுவும் ஒவ்வொரு தடவை தொண்டைக் கிருமி திரும்ப வரும்போதும் கூடிக்கொண்டு போகும்.

இந்தக் கிருமிக்கு நெரிசல்தான் சொர்க்கம். இருமல், தும்மல், நெருங்கிப் படுத்தல் மூலம் பரவுகிறது. 2009 இல் ஒரு தறப்பாளின் கீழ் எத்தனை பேர் படுத்தெழும்பினோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இந்த நோயைத் தடுக்கும் வழியும் ஒரு நெரிசலான இடத்தில்தான் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் இளம் படையினரிடம் தொண்டை நோவும் அதைத் தொடர்ந்து வாதக் காய்ச்சலும் பெருகின. பெனிசிலின் பெற்ற சுமார் 800 பேரில் 2 பேருக்கும், பெறாத சுமார் 800 பேரில் 17 பேருக்கும் வாதக் காய்ச்சல் வந்ததாக 1950 இல் அங்கிருந்த வைத்தியர்கள் எழுதினார்கள். இன்றைக்கு அப்படி மருந்து கொடுக்காமல் விட்டுப் பார்க்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள்; அந்தப் பதினேழு பேரின் தாய்மாரை நான் நினைப்பதுண்டு. பிந்திய ஆய்வுகளில், நோ தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினாலும் இதயத்தைக் காப்பாற்றலாம் என்று கண்டார்கள். கடிதம் எழுதிய அம்மம்மா மூன்றாம் நாளே மருந்து வாங்கிவிட்டார். அதே தளத்தில் கட்டில்கள் நெருக்கமாக இருந்தவர்களுக்கே தொற்று அதிகம் என்பதும், நோயாளி போர்த்த போர்வையால் பிறருக்கு நோய் தொற்றவில்லை என்பதும் தெரியவந்தது. ஆகவே போர்வை, பாயை எரிக்கவேண்டாம். பிள்ளைகளின் தலைமாட்டைச் சற்றுத் தள்ளி வைத்தால் நல்லது. மருந்து தொடங்கி ஒரு நாள் செல்லும்வரை பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள்.

பத்து நாள் ஏன் என்றால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு நோ குறைந்துவிடும். பிள்ளை குளிசை வேண்டாம் என்று அழும். மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கத் தோன்றும். ஆனால் தொண்டைக் குழிகளில் கிருமி இன்னும் இருக்கும். இதயத்தைக் காப்பது மிச்ச ஏழு நாள் குளிசைதான். பத்து நாள் கொடுக்க முடியாத நிலை வீட்டில் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லலாம். ஒரே தடவையில் போடும் நீண்ட நாள் வேலை செய்யும் பெனிசிலின் ஊசியும் உண்டு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வேறு மருந்து இருக்கிறது. முன்பு எப்போதாவது உடம்பு தடித்து, மூச்சு முட்டியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

வாதக் காய்ச்சல் ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே ஊசியைத் தொடர்ந்து போடுவார்கள். இதயம் தொடப்படாவிட்டால்கூட ஐந்து வருடமாவது, இருபத்தொரு வயது வரையாவது. வால்வு பழுதானவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல், சிலருக்கு நாற்பது வயது மட்டும். எத்தனை காலம் என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். ஊசி நோகும், ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அரசாங்க வைத்தியசாலையில் ஊசி இலவசம். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாள் இலவசம் இல்லையே. அயலில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒருவர் மாறி ஒருவர் கூட்டிப் போகலாம். பல்லுப் பிடுங்கப் போனால் பல் வைத்தியரிடம் வால்வைப் பற்றிச் சொல்லவேண்டும். வாயில் சும்மா இருக்கிறது என்று சொன்னேனே அந்தப் பச்சைக் கிருமி, அது பல் பிடுங்கிய வழியால் இரத்தத்தில் இறங்கி, பழுதான வால்விலே போய்க் குந்திக்கொள்ளும்.

பெண்பிள்ளை என்றால் இன்னும் ஒரு காரணம். ஒட்டிப்போன வால்வு பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, முதற் கர்ப்பத்தில்தான் தன்னைக் காட்டும். கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தம் பெருகுவதால் இதயத்துக்கு வேலை கூடும். இலங்கையில் தாய்மார் மரணத்துக்கு இதய நோயும் ஒரு முக்கிய காரணம். சம்பந்தம் பேசும்போது மறைத்துவிட்டு, பிறகு குடும்பநல மாதுவிடமும் மறைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் குடும்பநல மாதுவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்னரே தெரிந்தால் பத்திரமாகப் பெற்றெடுக்க வழி செய்வார்கள்.

பிரசவம் என்று வந்தபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் தெளிந்த வட்டம் போடும் இதே ஏ பிரிவுக் கிருமிதான் ஒரு காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரசவ வாட்டில், மருத்துவமாதுகள் பார்த்த வாட்டைவிட அதிகம் பேர் இறந்தார்கள். அந்த வாட்டில் போடவேண்டாம் என்று தாய்மார் அழுது மன்றாடினார்கள். பிணம் அறுத்த கையைச் சரியாகக் கழுவாமல் பிரசவம் பார்த்ததே காரணம் என்று 1847 இல் செமல்வைஸ் என்ற வைத்தியர் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் மரணம் குறைந்தது. வைத்தியருக்கு முன்பே தாய்மாருக்குத் தெரிந்திருந்தது, பாருங்கள். 1936 இல் லண்டனில் கோல்புறூக் என்பவரும் மேவ் கெனி என்ற பெண் வைத்தியரும் சல்பா வகை மருந்தைக் கொடுத்து இந்தப் பிரசவக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார்கள்.

அதனால் வீட்டில் யாருக்காவது தொண்டை நோ என்றால் பச்சை உடம்புக்காரியைப் பராமரிக்க அவரை விடாதீர்கள். வேறு ஆளில்லை என்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, வாயை மூடிக் கட்டிக்கொண்டு செய்யட்டும். பிள்ளை பெற்ற ஆறு கிழமைக்குள் காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று நோ, நாற்றமுள்ள கழிவு வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. பால் கட்டியிருக்கும், பனி பிடித்திருக்கும் என்று விடியும்வரை பார்க்கவேண்டாம். பதுங்குகுழியில் பிள்ளை பெற்ற தாய்மார் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் இருக்கிறார்கள். அன்றைக்குப் போக வழியிருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது.

லான்ஸ்பீல்ட் அம்மையாரின் பட்டியலில் அடுத்த எழுத்தான பி பிரிவும் தெளிந்த வட்டம்தான் போடும், சற்று மங்கலாக. அது பல பெண்களின் உடம்பில் ஒரு தொந்தரவும் தராமல் இருப்பது. ஒழுக்கத்தோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. கணவன்மார் சந்தேகப்படவும் தேவையில்லை. ஆனால் பிரசவ வழியில் குழந்தைக்குத் தொற்றினால் ஆபத்து. கர்ப்பிணியின் துண்டில் ‘குறூப் பி’ என்று இருந்தால் பிரசவ வலி தொடங்கியதும் அந்தத் துண்டைக் காட்டவேண்டும்; ஊசி மருந்து தருவார்கள். பிறந்த முதற் சில நாளில் குழந்தை பால் குடிக்காமல், முனகி முனகி மூச்சு விட்டு, துவண்டு கிடந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக, கிளினிக் கொப்பி. இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், கொப்பி எங்கே போனதென்று தெரியாது. இப்போது ஊசி போடும் பிள்ளைகளின் கொப்பியையும் துண்டுகளையும் பொலித்தீன் பையில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள். தொலைபேசி இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, வெளிநாட்டில் உள்ள மகளுக்கோ சகோதரத்துக்கோ அனுப்பிவிடுங்கள். கடைசி ஊசித் திகதியைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். வேறு மாவட்டத்துக்குக் குடிபோகும்போது பழைய கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். கேட்டால் எழுதித் தருவார்கள். கொப்பி தொலைந்துவிட்டால், அதற்காகக் கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடவேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், “வாதக் காய்ச்சல் வந்த பிள்ளை, மாதாமாதம் பெனிசிலின் போட்டது” என்று சொன்னால் போதும், அங்கே புதுக் கொப்பி திறப்பார்கள்.